ஹெடர் மாற்றிய பிறகு எரிந்த செக் இன்ஜின் லைட்: பி0171-இல் தொடங்கி பி0420 வரை

எக்ஸாஸ்ட் மாற்றினால் செக் இன்ஜின் லைட் எரியத்தான் செய்யும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, புகையைச் சுத்திகரிக்கிற கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கிற ஆக்சிஜன் சென்சாருக்கு (பின் சென்சார்) ஒரு ஸ்பேசர், அதாவது அதைப் புகை ஓட்டத்தை விட்டுத் தள்ளி நிறுத்துகிற துண்டு, வாங்கி மாட்டினால் அணைந்துவிடும் என்று கிட்டத்தட்ட எல்லாருமே சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. லைட் எரிகிறது என்றால் இன்ஜின் கம்ப்யூட்டர் எதையோ அளந்து பார்த்திருக்கிறது, கணக்கு இடிக்கிறது என்று சொல்கிறது. எந்தக் கணக்கு என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுப்பதில் அர்த்தமில்லை. என் காரில் இது இரண்டு தனித்தனிப் பிரச்சினையாக, ஒன்றுக்குப் பின் ஒன்று மறைந்து நின்றது. முதலிலேயே ஸ்பேசர் மாட்டியிருந்தால் ஒன்றுமே தீர்ந்திருக்காது, ஏனென்றால் முதல் பிரச்சினைக்கும் பின் சென்சாருக்கும் சம்பந்தமே இல்லை.

கார் நாலு சிலிண்டர் பெட்ரோல், டர்போ கிடையாது, உள்ளே போகிற காற்றை அளக்க மாஸ் ஏர்ஃபுளோ சென்சார் உண்டு. இன்ஜினிலிருந்து புகையை வாங்கிச் சேர்க்கிற வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்புகளால் ஆன ஹெடர், பழைய கன்வர்ட்டருக்குப் பதில் 200 செல் (சதுர அங்குலத்துக்கு 200 அறை) ஹை ஃபுளோ கன்வர்ட்டர், அதற்குப் பின்னால் கொஞ்சம் அகலமான பைப், புது சைலன்சர் என்று முழுவதையும் மாற்றினேன். இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பின் ஆக்சிஜன் சென்சாரைத் தாண்டி, அதற்குப் பின்னால் மாற்றுகிற பைப்போ சைலன்சரோ பொதுவாக லைட்டை எரிய வைக்காது, ஏனென்றால் அந்தப் பகுதியைப் பார்க்க கம்ப்யூட்டருக்குக் கண்ணே இல்லை. வெறும் சைலன்சர் மட்டும் மாற்றியபின் லைட் எரிந்தால், வேலை செய்யும்போது சென்சார் வயர் ஏதாவது இழுபட்டதா, சூடான பைப்பில் பட்டு உருகியதா என்று முதலில் பாருங்கள். ஹெடர், கன்வர்ட்டர் இரண்டையும் தொட்டால் கதை வேறு.

மாற்றிய பிறகு கொஞ்ச நாள் நன்றாகவே ஓடியது. அப்புறம் லைட் வந்தது. விட்டுவிட்டுச் சிமிட்டாமல் நிலையாக எரிந்தது, அதனால் பதறவில்லை. சிமிட்டினால் அது மிஸ்ஃபயர், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும், அப்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரமாக நிறுத்துவதுதான் சரி. நிலையாக எரிந்தால் விசாரிக்க நேரம் இருக்கிறது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற 16 முனை ஓபிடி போர்ட்டில் சின்ன புளூடூத் ஸ்கேனரைச் செருகினேன். எல்லாரும் பி0420, அதாவது கன்வர்ட்டர் சரியாகச் சுத்திகரிக்கவில்லை என்கிற கோட்தான் என்று சத்தியம் செய்தார்கள், வந்ததோ பி0171. இந்தக் கோட் எண்களில் பி என்பது இன்ஜின், கியர் பக்கம். அடுத்த பூஜ்யம் எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோட் என்பதைக் காட்டும். அதற்கடுத்து 1 இருந்தால் காற்று-பெட்ரோல் கலவை சார்ந்தது, 3 இருந்தால் இக்னிஷனும் மிஸ்ஃபயரும், 4 இருந்தால் புகை சுத்திகரிப்பு. ஆக 0171 கன்வர்ட்டரைப் பற்றிப் பேசவே இல்லை. முதல் பேங்கில் (சிலிண்டர் வரிசையில்) கலவை லீனாக இருக்கிறது, அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்கிறது.

கோட் வந்ததும் அழித்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து அழிக்காதீர்கள். கோட் பதிவான அந்த நொடியில் இன்ஜின் என்ன நிலையில் இருந்தது என்று ஃபிரீஸ் ஃபிரேம் ஒன்று சேமித்து வைத்திருக்கும், அழித்தால் அதுவும் போய்விடும். பேட்டரியைக் கழற்றி மாட்டுவதும் பெரும்பாலும் இதே வேலையைத்தான் செய்யும். என்னுடைய ஃபிரீஸ் ஃபிரேமில் இன்ஜின் நன்றாகச் சூடாகியிருந்தது, வண்டி நின்றுகொண்டிருந்தது, ஐடில் ஆர்பிஎம். இந்த மூன்று விவரம் பாதி வேலையை முடித்துக் கொடுத்தது.

அடுத்து பார்க்க வேண்டியது ஃபியூயல் டிரிம். பெட்ரோலுக்குச் சரியான கலவை எடையில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல். முன் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். அந்த நொடித் திருத்தம் ஷார்ட் டேர்ம், பழகிப்போய் மனப்பாடமாக வைத்துக்கொண்ட திருத்தம் லாங் டேர்ம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் சந்தோஷம், பத்து வரை கவலைப்படத் தேவையில்லை, பல கார்களில் கூட்டுத்தொகை 25 பக்கம் போனால் லீன் கோட் விழும். என் காரில் ஐடிலில் கூட்டுத்தொகை 25-ஐத் தாண்டி நின்றது. ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் படிப்படியாக இறங்கி பத்துக்குக் கீழே வந்தது. காலை எடுத்தால் மறுபடி ஏறியது.

இந்த மாதிரி ஐடிலில் அதிகம், வேகத்தில் குறைவு என்றால் குற்றவாளி இரண்டு பேரில் ஒருவர். ஒன்று, இன்டேக் பக்கம் வேக்யூம் லீக்: ஏர்ஃபுளோ சென்சார் அளக்காத காற்று உள்ளே நுழைகிறது, ஐடிலில் மொத்தக் காற்றே குறைவு என்பதால் அந்தத் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். இன்னொன்று, முன் சென்சாருக்கு முன்னாலோ அதன் பக்கத்திலோ எக்ஸாஸ்ட் லீக். எக்ஸாஸ்ட்டில் ஓட்டை இருந்தால் புகை வெளியே தானே போகும், காற்று எப்படி உள்ளே வரும் என்று கேட்பார்கள். எக்ஸாஸ்ட் ஒரே சீராக ஓடுவதில்லை, ஒவ்வொரு வால்வும் திறக்கும்போது ஒரு அடி, அதன் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பள்ளம். அடி வரும்போது புகை வெளியே தள்ளப்படும், பள்ளம் வரும்போது வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். அந்தக் காற்றில் இருக்கிற ஆக்சிஜன் சென்சார் மூக்கில் படும், அது உடனே லீன் என்று சொல்லும், கம்ப்யூட்டர் நம்பி பெட்ரோலை ஊற்றும். ஆர்பிஎம் ஏறினால் அடிகள் நெருங்கிப் புகையின் அளவும் கூடிவிடும், உறிஞ்சல் எடுபடாது.

இரண்டுக்கும் ஸ்கேனரில் முன் சென்சார் காட்டுவது ஒன்றுபோல இருந்தாலும், உள்ளே நடப்பது நேர் எதிர். வேக்யூம் லீக்கில் கலவை உண்மையிலேயே லீன், கம்ப்யூட்டர் சேர்க்கிற பெட்ரோல் அதைச் சரிக்கட்டுகிறது. எக்ஸாஸ்ட் லீக்கில் கலவை ஆரம்பத்தில் சரியாகத்தான் இருந்தது, சென்சாரின் பொய்யைக் கேட்டு கம்ப்யூட்டர் அதை ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆக்கிவிடுகிறது. அதனால் சாட்சியை வேறு இடத்தில் தேட வேண்டும். பின் சென்சாரைப் பார்த்தேன்: முன் சென்சார் லீன் லீன் என்று கத்திக்கொண்டிருக்க, பின்னாலிருப்பது 0.8 வோல்ட்டுக்கு மேல் அசையாமல் நின்றது. சாதாரண சிர்க்கோனியா சென்சாரில் 0.45 வோல்ட் நடுக்கோடு, அதற்கு மேலே ரிச், கீழே லீன். ஒரே பைப், ஒரே புகை, முன்னால் லீன், பின்னால் ரிச். இரண்டில் ஒன்று பொய். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன், நாலும் காய்ந்த கரியாகக் கறுத்திருந்தன, விரலால் தேய்த்தால் மை மாதிரி ஒட்டியது. லீனாக ஓடிய இன்ஜினின் பிளக் அப்படி இருக்காது. பின்னால் நின்று முகர்ந்தால் பெட்ரோல் வாசம், மைலேஜும் இறங்கியிருந்தது. எக்ஸாஸ்ட் லீக்தான், அதுவும் முன் சென்சாருக்கு ரொம்பப் பக்கத்தில்.

இன்டேக் பக்கத்தையும் ஒரு முறை ஹோஸ்கள், கிளிப்புகள், பிசிவி குழாய் (இன்ஜின் அடிப்பகுதி ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவருவது) என்று பார்த்துவிட்டேன், எல்லாம் இறுக்கமாக இருந்தது.

லீக் தேட விலையுயர்ந்த புகை மெஷின் அவசியமில்லை. காலையில் இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, உலோகம் சூடாகி விரியும் முன் காது கொடுத்துக் கேட்டால் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், அது முதல் குறிப்பு. ஆனால் இன்ஜெக்டர் சத்தமும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும் என்பதால் காதை மட்டும் நம்பவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, காரை ஜாக்கில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டு கொடுத்து, வேக்யூம் கிளீனரின் காற்று ஊதுகிற பக்கத்தை சைலன்சர் வாயில் துணி சுற்றி இறுக்கிச் செருகினேன். பைப் முழுக்க லேசான அழுத்தத்தில் காற்று நிரம்பும், கொஞ்சம் வால்வு வழியாக இன்டேக் பக்கம் போவது சகஜம். சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி ஒவ்வொரு இணைப்பிலும் அடித்தேன். ஹெட்டோடு சேருகிற ஃபிளாஞ்ச், கேஸ்கட் ஓரம், நாலு பைப்பும் ஒன்றாகச் சேருகிற கலெக்டர், கன்வர்ட்டர் ஃபிளாஞ்ச், எதிலும் ஒரு குமிழிகூட இல்லை. சந்தேகமே வராத இடத்தில் வந்தது: முன் சென்சார் திருகுகிற பங், அதாவது பைப்பில் பற்றவைத்திருக்கிற மரை போட்ட வளையம், அதன் அடியில் வெல்டிங் கோட்டின் ஓரம். வரிசையாகப் பொடிப் பொடிக் குமிழிகள் கிளம்பி, சேர்ந்து ஒரு நுரையாகத் தொங்கின. துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் வெல்டிங்கை முடித்த இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு குழி, அதிலிருந்து முடி மாதிரி ஒரு வெடிப்பு, பக்கத்தில் மெல்லிய கறுப்புக் கரிக்கோடு. சென்சார் மூக்குக்கும் அதற்கும் இடைவெளி ஒன்றுமே இல்லை. உறிஞ்சப்படுகிற காற்று நேராக சென்சார் மேலேயே படும், மீதிப் புகையில் கலக்கக்கூட நேரமில்லை. முன்னால் லீன், பின்னால் ரிச் என்ற முரண் அப்போது முழுதாக விளங்கியது.

இன்ஜினை ஓடவிட்டு லீக் தேடுகிறவர்கள் திறந்த வெளியில் செய்யுங்கள். கன்வர்ட்டருக்கு முன்னால் கசிவது சுத்திகரிக்காத புகை, கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அடைத்த ஷெட்டுக்குள் ஒரு நிமிடம்கூட வேண்டாம். லைட்டை விட எனக்குப் பெரிய கவலை இதுதான்: இன்ஜின் அறையில் கசிகிற புகை ஏசி காற்றோடு உள்ளே இருப்பவர்களிடம் வர வாய்ப்பிருக்கிறது.

எக்ஸாஸ்ட் பேஸ்ட், சிலிக்கோன் என்று மேலே அப்பிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: சென்சார் பக்கத்தில் சாதாரண சிலிக்கோன் கூடவே கூடாது. அதிலிருந்து வருகிற ஆவி எரிந்து சென்சார் மூக்கில் வெள்ளையாகப் படிந்து அதைக் கொன்றுவிடும். பற்றவைப்பதுதான் முறை. ஹெடரைக் கழற்றி, சென்சாரை எடுத்து, பழைய வெல்டிங்கை அந்த இடத்தில் சுத்தமான உலோகம் தெரியும்வரை அரைத்து, டிக் (TIG) வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுத்தேன். 304 ஸ்டெயின்லெஸ்ஸுக்கு 308எல் கம்பி. இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் விட்டுப் பற்றவைக்க வேண்டும், இல்லாவிட்டால் உட்புறம் காற்றுப் பட்டுப் பொரிந்து சொரசொரவென்று ஆகி அதே இடத்தில் மறுபடி வெடிக்கும். இரண்டு, பங்கில் ஒரு பழைய, செத்த சென்சாரைத் திருகி வைத்துப் பற்றவைத்தால் சூட்டில் வளையம் கோணாமல் மரை தப்பிக்கும். பிறகும் 18 மி.மீ., 1.5 பிட்ச் மரைக்கருவியை ஒரு முறை ஓட்டிச் சுத்தம் செய்துகொண்டேன். காரிலேயே வைத்துப் பற்றவைப்பவர்கள் சென்சாரையும் பேட்டரியையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.

சென்சாரைத் திரும்ப மாட்டும்போது மரையில் மட்டும் நிக்கல் கலந்த ஆன்டி சீஸ் (மரை இறுகிப்போகாமல் காக்கும் பசை) லேசாக, மூக்கில் படாமல். புது சென்சாரில் பெரும்பாலும் கம்பெனியே தடவி அனுப்பும். பக்கவாட்டில் வெட்டு விட்ட 22 மி.மீ. சாக்கெட்டில் நாற்பது சொச்சம் நியூட்டன் மீட்டர் போதும், தொங்கி இறுக்க வேண்டாம். ஹெடரில் பங் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம்: சென்சார் கிடைமட்டத்துக்கு மேலே குறைந்தது 10 டிகிரியாவது சாய்ந்து, மூக்கு கீழ்நோக்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த பைப்பில் சேருகிற தண்ணீர் உள்ளே தங்கி, சூடாகும்போது பீங்கான் விரிசல் விடும். ஹெடர் மாற்றியதால் வயர் எட்டாமல் போனால் கிரிம்ப் போட்டு நீட்டுங்கள், ஈயம் வைத்து ஒட்டாதீர்கள். இந்த வகை சென்சார்களில் பல, ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை வயரின் உள்ளிடுக்கு வழியாகத்தான் எடுத்துக்கொள்கின்றன, ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். சென்சாருக்குள் இருக்கிற ஹீட்டரைப் பற்றிய கோட் பி0135 அல்லது பி0141 வந்தால் சென்சார் வாங்கும் முன் ஃபியூஸைப் பாருங்கள், வயர் ஹெடரில் உரசியதே பல நேரம் ஃபியூஸ் போகக் காரணம்.

மாட்டியதும் மறுபடி வேக்யூம் கிளீனர், மறுபடி சோப்புத் தண்ணீர். குமிழி இல்லை. இப்போதுதான் கோட் எண்ணை அழித்தேன், டிரிம் மனப்பாடமும் சேர்ந்து அழியட்டும் என்று. ஐடிலில் கூட்டுத்தொகை இரண்டு, மூன்று சதவீதம், 2500-இலும் அதே. பெட்ரோல் வாசம் போய்விட்டது.

வி6, வி8 வைத்திருப்பவர்களுக்காக ஒரு இடைச்செருகல். இரண்டு பக்கமும் ஹெடர் மாற்றிய பிறகு ஒரு பேங்கின் டிரிம் மேலே மேலே ஏறி உச்சியில் நிற்கிறது, இன்னொன்று அதே அளவுக்கு கீழே இறங்கி நிற்கிறது என்றால், லீக் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு முன் சென்சார் கனெக்டரும் இடம் மாறியிருக்கும். இடப்பக்க சென்சார் சொல்வதைக் கேட்டு வலப்பக்கத்துக்குப் பெட்ரோல் போகிறது, திருத்தத் திருத்த இரண்டும் விலகிக்கொண்டே போகும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். கொஞ்ச நாளில் லைட் எரியாமலே ஸ்கேனரில் பென்டிங் கோட் ஒன்று தெரிந்தது: இந்த முறை நிஜமாகவே பி0420. இது முன்னாலேயே ஏன் வரவில்லை என்றால், கலவைக் கோளாறு பதிவாகியிருக்கும்போது பல கார்கள் கன்வர்ட்டர் சோதனையையே நிறுத்தி வைத்துவிடும். முதல் பிரச்சினை தீர்ந்ததும் சோதனை ஓடியது, இரண்டாவது வெளியே வந்தது. இந்த வகைக் கோட் வழக்கமாக ஒரு ஓட்டத்தில் பென்டிங், அடுத்த ஓட்டத்திலும் தோற்றால் லைட்.

கன்வர்ட்டரை கம்ப்யூட்டர் நேரடியாக அளப்பதில்லை. உள்ளே பூசியிருக்கிற சீரியம் ஆக்சைடு, ஆக்சிஜன் மிஞ்சும்போது பிடித்து வைத்து, குறையும்போது விடும். அதனால் முன் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே தாவிக்கொண்டிருந்தாலும், நல்ல கன்வர்ட்டருக்குப் பின்னால் இருப்பது 0.6, 0.7 வோல்ட்டில் சோம்பலாக நிற்கும். என் பின் சென்சாரும் முன்னதைப் பார்த்துத் தாவ ஆரம்பித்திருந்தது. சென்சாரையே சந்தேகப்பட்டுச் சோதித்தேன்: சட்டென்று ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 0.8-க்கு மேல் போனது, ஓடும்போது காலை எடுத்து பெட்ரோல் கட் ஆனதும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. பின் பங்கைச் சுற்றியும் லீக் இல்லை. முன்னும் பின்னும் வெப்பமானி பிடித்து கன்வர்ட்டரை அளக்கிற வழியும் உண்டு, ஆனால் சுத்தமாக எரிகிற இன்ஜினில் அந்த வித்தியாசம் ரொம்பக் குறைவாக இருக்கும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் துணிய மாட்டேன்.

ஆக மிச்சம் கன்வர்ட்டர்தான். சதுர அங்குலத்துக்கு 200 அறை என்றால் 400 அறையை விட புகை தொடுகிற பரப்பு குறைவு, பூச்சும் குறைவு, ஆக்சிஜன் சேமிப்பும் குறைவு. ஹெடரின் நீளத்தால் கன்வர்ட்டர் இன்ஜினை விட்டு விலகிப் போனதால் சூடாகவும் தாமதம்.

இந்த இடத்தில்தான் ஸ்பேசர். பின் சென்சாரைப் புகை ஓட்டத்திலிருந்து வெளியே தள்ளி, அதன் கண்ணைப் பாதி மறைப்பதுதான் அதன் வேலை. லைட் அணையலாம், பல நாடுகளில் அது சட்டவிரோதம், புகைச் சோதனையிலும் மாட்டிக்கொள்ளலாம். அதையெல்லாம் விடுங்கள், சுத்தமாகாத புகையை நாமும் நமக்குப் பின்னால் வருகிற டூவீலர்காரரும்தான் சுவாசிக்கிறோம். நாளைக்குக் கன்வர்ட்டர் நிஜமாகவே உடைந்து பைப்பை அடைத்தாலும் முன்கூட்டியே சொல்ல ஆள் இருக்காது. இன்ஜினைப் புரிந்துகொள்ள ஆசைப்பட்டு இதில் இறங்கியவன், அது பேசுகிற ஒரே வாயைக் கட்டிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

200-ஐக் கழற்றி 400 செல், என் இன்ஜின் கொள்ளளவுக்கும் காரின் புகை விதிக்கும் பொருந்துகிற பூச்சு உள்ளது ஒன்றை மாட்டினேன். ஹெடருக்கும் கன்வர்ட்டருக்கும் நடுவே இருக்கிற பைப்புக்கு மட்டும் வெப்பத்துணி சுற்றினேன், சென்சார் உடம்பின் மேல் படாமல். ஸ்டெயின்லெஸ் என்பதால் துணிந்தேன், சாதாரண இரும்புப் பைப்பில் அது ஈரத்தைப் பிடித்துவைத்து அரித்துவிடும். பவர் குறையுமே என்றார்கள். ஓட்டிப் பார்த்ததில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, இந்த அளவு இன்ஜினுக்கு நல்ல 400 செல் ஒன்றும் கழுத்தை நெரிப்பதில்லை.

இப்போது பின் சென்சார் 0.65 பக்கம் நின்றுவிட்டது, கன்வர்ட்டர் மானிட்டர் (கம்ப்யூட்டர் தானே நடத்துகிற கன்வர்ட்டர் சோதனை) ரெடி என்று காட்டுகிறது, பென்டிங் பட்டியல் காலி. மானிட்டர் ரெடி ஆகும்வரை எந்த ரிப்பேரையும் முடிந்ததாக எண்ணாதீர்கள். கோட் எண்ணை அழித்ததும் லைட் அணைவது அழித்ததால்தான். நன்றாகச் சூடாகி, நிலையான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓடி, இடையில் காலை எடுத்து வேகம் குறையவிட்டால்தான் சோதனை முழுதாக ஓடும். பிளக்குகள் புதிது போட்டாயிற்று. புது ஃபிளாஞ்ச் போல்ட்டுகள் சூடாகிக் குளிர்ந்ததில் எதிர்பார்த்தபடியே கொஞ்சம் தளர்ந்திருந்தன, குளிர்ந்த இன்ஜினில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மறுபடி இறுக்கியிருக்கிறேன். அடுத்த ஆயில் மாற்றும்போது அந்த வெல்டிங்கில் இன்னொரு முறை சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்க்க வேண்டும்.